சொந்த ஊர் மேடையும் துணைக்கலைஞரும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தனியிசைக் குழு ஒன்று தன் சொந்த ஊரில், உள்ளூர்க் கலைஞர்களின் துணையுடன் நிகழ்த்தும் நேரடி இசை நிகழ்ச்சி உலகெங்கும் அறியப்பட்ட ஒரு வடிவமாகும். ‘சொந்த ஊர்’, ‘துணைக்கலைஞர்’ என்னும் இரு கருத்துகளின்மீது அவ்வடிவம் நிற்கிறது. தமிழ்ச் சூழலில் இவ்விரண்டுமே சாதியோடு பிணைந்தவை. 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நிகழ்ந்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி இவ்விரு கருத்துகளையும் எவ்வாறு மாற்றியமைத்தது என்பதையும், அம்மாற்றம் எந்த எல்லையில் நின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கானா, பறை, சட்டி, தனியிசை, ஊர், சேரி, நிகழ்த்துகலை, மேடை

முன்னுரை

தமிழில் இசை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று களங்களில் அமைகின்றன. பண்ணும் இராகமும் பற்றிய இலக்கண ஆய்வு ஒன்று. நாட்டார் பாடல்களைத் தொகுத்து வகைப்படுத்தும் ஆய்வு மற்றொன்று. திரையிசைப் பாடல்களின் இலக்கிய நயம் பேசும் ஆய்வு மூன்றாவது. இம்மூன்றிலும் அடங்காத தனியிசைக் குழுக்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. ஆயினும் அவற்றின் நேரடி நிகழ்ச்சி நம் துறையில் இன்னும் ஆய்வுப் பொருளாக முழுமையாக ஏற்கப்படவில்லை. பாடலின் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் கவிதையாகப் படிப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. மேடையில் யார் எங்கே நின்றனர், யாருடைய கருவி முன்னால் ஒலித்தது, யார் பெயர் முதலில் சொல்லப்பட்டது என்பனவும் பொருள் தருவனவே என்னும் கருதுகோளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

நிகழ்ச்சி குறித்து வெளிவந்த செய்திகளும் இணையவெளியில் கிடைக்கும் காணொளிப் பதிவுகளும் இக்கட்டுரைக்கு அடிப்படைச் சான்றுகளாகும். பாடல் வரிகளின் பொருள் விளக்கம் இதன் நோக்கமன்று.

‘சொந்த ஊர்’ என்னும் கருத்து

புகழ்பெற்ற குழு தான் பிறந்த ஊருக்குத் திரும்பிவந்து பாடுவது மேலைநாட்டு இசைப் பண்பாட்டில் ஒரு சடங்கு போன்றது. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2006ஆம் ஆண்டுக் கோடையில் தன் நாட்டுச் சிற்றூர்களில் கட்டணமின்றிப் பாடியது. அந்நிகழ்ச்சிகள் ‘ஹெய்மா’ என்னும் ஆவணப்படமாக 2007இல் வெளிவந்தன. அத்தலைப்புக்கு ‘வீட்டில்’, ‘தாயகத்தில்’ என்று பொருள் கொள்ளலாம். பாடுவோரும் கேட்போரும் ஒரே நிலத்துக்குரியவர் என்னும் உறுதி அப்படத்தின் அடியோட்டமாக உள்ளது. ஊர் என்பது அங்கே பிளவற்ற ஒன்று.

தமிழில் ‘ஊர்’ என்னும் சொல் அத்தகைய உறுதியைத் தருவதில்லை. சங்க இலக்கியத்தில் ‘சேரி’ என்பது மக்கள் சேர்ந்து வாழும் பகுதியைப் பொதுவாகக் குறித்தது. ஆனால் 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகிய பெயர்கள் இடம்பெறுகின்றன. சேரி என்னும் சொல் அப்பொழுதே ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியையும் சுட்டத் தொடங்கிவிட்டது. இன்றைய வழக்கில் ‘ஊர்’ என்பதும் ‘சேரி’ என்பதும் எதிரெதிர்ச் சொற்கள். ஊருக்குள் பிறவாத ஒருவருக்குச் ‘சொந்த ஊர்’ எது என்னும் வினா, தமிழில் சொந்த ஊர் நிகழ்ச்சி பற்றிப் பேசப் புகும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய முதல் வினாவாகும்.

சென்னை மாநகர் இப்பிளவுக்கு விலக்கன்று. அதன் இசைப்பருவமே இதற்குச் சான்று. 1927ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டையொட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பெற்றது. அதன் வழியே உருப்பெற்ற மார்கழிக் கச்சேரிப் பருவம் நகரத்தின் அடையாளமாகவே அறியப்படுகிறது. அந்த நகரத்திலேயே வாழும் கானா பாடகருக்கு அப்பருவத்தில் நெடுங்காலம் இடமில்லை. 2007இல் தொடங்கிய ‘சென்னை சங்கமம்’ பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டார் கலைகளை நிகழ்த்தச் செய்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, செவ்வியல் இசையை மீனவர் குடியிருப்புக்குக் கொண்டுசென்றது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். எனினும், முன்னது வெளியூர்க் கலைஞரை நகரத்துக்கு விருந்தினராக அழைத்தது. பின்னது நகரத்தின் ஓர் இசையை மற்றொரு பகுதிக்கு அழைத்துச் சென்றது. நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இசை, ‘இது எங்கள் ஊர்’ என்று உரிமையோடு மேடையேறுவது மூன்றாவது நிலை. கீழ்ப்பாக்க நிகழ்ச்சியை இந்த மூன்றாவது நிலையில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

துணை என்னும் இடம்

சொந்த ஊர் நிகழ்ச்சியின் இரண்டாம் கூறு துணைக்குழு. முதன்மைக் குழு மேடையேறும் முன், அவ்வூரின் இளங்குழுக்கள் சில பாடல்களைப் பாடிக் கூட்டத்தை ஆயத்தப்படுத்துவது வழக்கம். துணைக்குழுவுக்கு நேரம் குறைவு, ஒளி குறைவு, பெயர்ப்பலகையில் எழுத்தும் சிறிது. முதன்மைக் குழு ஊருக்குச் செய்யும் கைம்மாறாக இது கருதப்படுகிறது. முதன்மையும் துணையும் வேறு வேறு என்னும் வரையறை மட்டும் அதில் மாறுவதில்லை.

கருவிகளுக்கிடையே வரிசை வகுப்பது தமிழ் மரபுக்கும் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்தொடர்ந்து இயைவதைக் கூறுகிறது. அவ்வரிசை கருவிகளின் இசைப்பண்பு சார்ந்தது. ஒன்றையொன்று தாங்கி நிற்பது. பிற்காலக் கச்சேரி மேடையில் ‘பக்கவாத்தியம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பெயரிலேயே இடமும் தகுதியும் ஒருங்கே குறிக்கப்பட்டுவிடுகின்றன.

பறையின் வரலாறு இதனினும் கடுமையானது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்பதுபோலத் திணைதோறும் ஒரு பறை உண்டென மரபு வகுக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரும் சிறந்த குடிகளாகப் போற்றப்படுகின்றனர். நிலத்தின் அடையாளமாக இருந்த கருவி பின்னர் ஒரு சாதியின் கட்டாயத் தொழிலாகவும், சாவுவீட்டின் ஒலியாகவும் சுருக்கப்பட்டது. சாவுக்குப் பறை இன்றியமையாதது. பறையடிப்பவரோ ஊருக்கு வெளியே. அவரின்றிச் சடங்கு நிகழாது. சடங்கில் அவருக்கு மதிப்பான இடமும் இல்லை. ‘துணை’ என்பதன் தமிழகப் பொருள் இதுவே. வடசென்னையின் கானாவும் இத்தகையதே. இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் பாடகர்கள் மாறி மாறிப் பாடுவது அதன் தொல்களம். அங்கே முதன்மைப் பாடகர், துணைப் பாடகர் என்னும் நிலையான பாகுபாடு கிடையாது. ஒருவர் ஓய்ந்த இடத்தில் மற்றொருவர் எடுப்பார்.

திரைப்படம் கானாவை ஏற்றுக்கொண்டபோது இந்நிலை மாறியது. 1990களில் தேவாவின் இசையில் கானா மெட்டுகள் பரவலாயின. 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வழியே கானா பாலாவின் குரல் தமிழகமெங்கும் சென்றது. எனினும் திரையில் கானா பெரும்பாலும் நாயகனின் நண்பர் கூட்டத்துக்கோ, குடிக்களியாட்டத்துக்கோ உரிய பாடலாகவே அமைந்தது. பாடல் புகழ்பெற்றது, பாடிய வாழ்க்கை கதையின் ஓரத்திலேயே நின்றது.

கீழ்ப்பாக்கம் மேடை

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 2017இல் உருவாக்கிய குழு. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லாட்சியை அடியொற்றியது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவரின் சொல், நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து ஓர் இசைக்குழுவின் பெயராயிற்று. கானாப் பாடகர், ராப் பாடகர், பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றை இசைப்போர், கித்தார், டிரம்ஸ் கலைஞர் என ஏறத்தாழ இருபது பேர் கொண்ட அக்குழு, 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளித் திடலில் முதன்முதலாகப் பாடியது. மார்கழி முடியாத நாள் அது. கீழ்ப்பாக்கம் வடசென்னையும் அன்று. சபாக்கள் செறிந்த மயிலாப்பூரும் அன்று. இடத்திலும் காலத்திலும் இந்நிகழ்ச்சி நகரத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே அமைந்தது.

இந்நிகழ்ச்சியின் முதன்மையான அமைப்புக்கூறு, பிற இடங்களில் துணைக்குழுவாக நிறுத்தப்படுவோர் இங்கே குழுவாகவே இருந்தமை. கானாப் பாடகர் ராக் இசைக்குழுவுக்கு முன்னால் பத்து நிமிடம் பாடிச் செல்லும் விருந்தினர் அல்லர். இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணியும், அரக்கோணத்திலிருந்து வந்த அறிவும், சட்டி அடிப்பவரும், கித்தார் மீட்டுபவரும் ஒரே பெயரின் கீழ் நின்றனர். ஒருவர் பாடி முடிக்க மற்றொருவர் ஒலிவாங்கியை ஏற்கும் முறை, இரவு முழுவதும் நிகழும் கானாவின் முறையே. மேலைநாட்டு நிகழ்ச்சியில் ‘முன்குழு, பின்குழு’ எனக் காலத்தால் பிரிக்கப்படும் இருவகைக் கலைஞரை இக்குழு ஒரே காலத்தில் ஒரே மேடையில் நிறுத்தியது. இதனை உள்ளூர்க் கலைஞருக்கு வாய்ப்பளித்த நிகழ்ச்சி என்று கூறுவது பிழையான மதிப்பீடாகும். வாய்ப்பளிப்பவர், பெறுபவர் என்னும் பிரிவை நீக்க முயன்றதே அதன் சிறப்பு.

உடையும் இங்கே கருதத்தக்கது. நாட்டார் கலைஞர் மேடையேறும்போது வேட்டியும் தலைப்பாகையும் சலங்கையும் எதிர்பார்க்கப்படுகின்றன. அரசு விழாக்களில் இது எழுதப்படாத விதி. இக்குழுவினரோ ஒரேவகையான கோட்டும் சூட்டும் அணிந்து நின்றனர். அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் அத்தோற்றம், காட்சிப் பொருளாக நிற்க மறுப்பதன் வெளிப்பாடு. பறையடிப்பவர் தம் காலத்தின் நகரவாசியாக அங்கே தோன்றினார்.

ஒலியின் வரிசை

தோற்றத்தில் நிகழ்ந்த சமன்பாடு ஒலியிலும் நிகழ்ந்ததா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய அடுத்த வினா. தோற்பறை தீயில் காய்ச்சப்பட்டு முறுக்கேறுவது. நேரம் செல்லச் செல்லத் தளர்வது. ஈரக்காற்றில் விரைவில் தளர்வது. மின்கித்தாரின் சுருதியோ கருவியால் அளக்கப்பட்டு நிலைநிறுத்தப்படுவது. திறந்தவெளியில், தெருவின் நீளத்துக்கும் எட்டும்படி அடிக்கப்படும் பறையை ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தினால் அதன் ஒலி பிற கருவிகளை மூழ்கடிக்கும்; அடக்கினால் அதன் இயல்பு கெடும். ஆகவே பறையும் கித்தாரும் ஒரு மேடையில் நிற்பது இலக்கியக் கூட்டங்களில் பேசப்படும் எளிய ‘இணைப்பிசை’ அன்று. இருவகை ஒலி ஒழுங்குகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தை அது.

அப்பேச்சுவார்த்தையில் சட்டியும் கட்டமோளமும் வென்ற இடங்கள் உண்டு. ‘வடசென்னை’ போன்ற பாடல்களில் தாளக்கருவிகளே பாடலின் நடையைத் தீர்மானிக்கின்றன. கித்தார் அதன்மேல் கோடிழுத்துச் செல்கிறது. இட ஒதுக்கீடு குறித்த பாடலில் எள்ளலின் கூர்மை சொல்லிலும் அதேயளவு தாளத்தின் துள்ளலிலும் உள்ளது. கேட்போரைச் சிரிக்கச் செய்து, சிரித்ததற்காக வெட்கப்படவும் செய்யும் ஆற்றல் கானாவின் தொன்மையான உத்தி. அதனைக் குழு நன்கு பயன்படுத்தியுள்ளது.

தோற்ற இடங்களும் உண்டு. கானாப் பாடகர் சொல்லின் உணர்ச்சிக்கேற்ப அடியை நீட்டுவார். தாளக்காரர் காத்திருந்து அவரைப் பிடிப்பார். டிரம்ஸ் எண்ணிக்கையுடன் தொடங்கும் ராக் பாடலில் அந்நீட்சிக்கு இடம் குறைவு. குழுவின் விரைவுப் பாடல்கள் சிலவற்றில் பாடகர் தாளத்தைத் துரத்திச் செல்வதைக் கேட்க முடிகிறது. சாவுவீட்டுக் கானாவின் மையமான துயரத்தின் மந்தநடை, முழக்கத்தின் வேகத்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது. எதிர்ப்புக்கு வேகம் தேவை என்பது உண்மையே. ஆயினும், அழுகையையும் எதிர்ப்பாக மாற்றத் தெரிந்த மரபு கானா. அதன் இப்பகுதி மேடைக்கு முழுமையாக வரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

இன்னொரு குறையும் சுட்டத்தக்கது. அத்துணைப் பெரிய குழுவில் பாடகியாக முன்னின்ற பெண் இசைவாணி ஒருவரே. கானா ஆண்களின் களமாகவே கருதப்பட்டுவந்த சூழலில் அவரது வருகை பெரிது. பிபிசியின் 2020ஆம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றமை அதற்குக் கிடைத்த ஏற்பு. எனினும், சாதிபேதமற்றது என்னும் பெயரைச் சூடிய குழுவில் பால்பேதம் எண்ணிக்கையிலேயே தெரிந்தது. ஒப்பாரி முதலிய வடிவங்களில் பெண்களே தலைமை ஏற்கும் மரபு தமிழகமெங்கும் இருக்க, அக்குரல்கள் இம்முதல் மேடையின் மையத்துக்கு வரவில்லை. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவில் கானா, ஒப்பாரி, ராப் எனப் பலவகைக் கலைஞர்கள் ஒரே விழாவின் உறுப்பினராயினர். அதனை முதல் நிகழ்ச்சியின் குறையை உணர்ந்து விரிந்த வளர்ச்சியாகக் கொள்ளலாம்.

‘தனியிசை’ என்னும் பெயர் இக்குழுவுக்குப் பொருந்துமா என்னும் ஐயமும் எழுப்பப்படலாம். திரைப்பட இயக்குநர் ஒருவரின் ஆதரவில் பிறந்த குழு எதிலிருந்து தனித்து நிற்கிறது? திரைத்துறையின் பணத்திலிருந்தோ புகழிலிருந்தோ இது முற்றிலும் விலகியதன்று. திரைப்பாடலின் சூழ்நிலையிலிருந்து விலகியது என்பதே சரியான விடை. நாயகனுக்காகப் பாடிய குரல் தனக்காகப் பாடிற்று. தமிழில் தனியிசையின் தனித்தன்மையை நிறுவனத்தால் அளப்பதைவிட, யாருக்காக யார் பாடுகிறார் என்பதால் அளப்பதே பொருத்தமாகும்.

மேடைக்குப் பின்

மேடையில் கலைந்த வரிசை சந்தையில் மீண்டும் கூடியதை அடுத்த ஆண்டுகள் காட்டின. குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, தீயின் குரலோடும் சந்தோஷ் நாராயணனின் இசையோடும் 2021 மார்ச்சில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியும் நிலமற்றவராயிருந்த தலைமுறையின் நினைவு அப்பாடலின் ஊற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இல்லை. இது பொதுவெளியில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றி நிகழ்த்தப்பட்டபோது விவாதம் மீண்டும் எழுந்தது. பாடலாக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் தொடர்புடையோர் வேறுபட்ட விளக்கங்களை முன்வைத்தனர். அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. யார் முன்னிறுத்தப்படுகிறார், யார் இல்லாமலும் நிகழ்ச்சி நடந்துவிடுகிறது என்னும் வினாவே இங்குக் கருதத்தக்கது. கீழ்ப்பாக்க மேடை கேட்டதும் இதே வினாதான். அந்த இரண்டாம் நிகழ்வும் இதே நகரில்தான் நடந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழில் சொந்த ஊர் நிகழ்ச்சி என்பது பிறந்த இடத்துக்குத் திரும்புதல் அன்று. மறுக்கப்பட்ட ஊருக்கு உரிமை கோருதல். கீழ்ப்பாக்க நிகழ்ச்சி துணைக்கலைஞருக்கு இடம் ஒதுக்கவில்லை. துணை என்னும் வகையையே ஒரு மாலைப்பொழுதுக்கேனும் நீக்கிக் காட்டியது. ஒலியின் ஒழுங்கிலும் பெண்களின் பங்கிலும் அம்முயற்சி முழுமை பெறவில்லை. மேடைக்கு வெளியே அதன் வெற்றி நிலைக்கவும் இல்லை. ஒரு நிகழ்ச்சியால் வரிசையைக் கலைக்க முடியும். கலைந்த நிலையைக் காப்பது பதிவும் பெயர்குறிப்பும் உரிமையும் ஒப்பந்தமும் சார்ந்த நெடும்பணி.

அப்பணியில் ஆய்வாளராகிய நமக்கும் பங்குண்டு. கானாவையும் பறையையும் ஆராயும் நம் ஆய்வேடுகளில் பாடகரின் பெயர் எங்கே இடம்பெறுகிறது? ‘தகவலாளர் பட்டியல்’ என்னும் தலைப்பில், வயதும் ஊரும் தொழிலும் குறிக்கப்பட்டு, பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில். கோட்பாட்டாளரின் பெயர் முதல் இயலில். பாடலைப் படைத்தவரின் பெயர் இறுதியில். அவர் பாடியது ‘தரவு’. நாம் எழுதுவது ‘ஆய்வு’. இக்கட்டுரையாளரின் முனைவர்பட்ட ஆய்வேடும் இதுவரை அவ்வாறே வரைவு செய்யப்பட்டுள்ளது. பறைக்கலைஞரை மேடையின் நடுவில் நிறுத்திய நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதிக்கொண்டே, அவரை நம் ஏட்டின் பின்கட்டில் நிறுத்துவது முரண். கலைஞரை இணை ஆக்குநராகவும் கருத்தாளராகவும் ஏற்று, அவர் தம் கலை குறித்துக் கூறும் விளக்கத்தை இயலின் உள்ளேயே எதிர்வாதத்துக்குரிய கருத்தாக வைத்து எழுதும் முறையை நம் துறை வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான முதல் மாற்றத்தைப் பின்னிணைப்பிலிருந்தே தொடங்கலாம்.